கதவு சாத்திய வீட்டில் பழம்பாட்டு: புதிதாக வாசிக்கத் தொடங்குபவர்களுக்கு

தொற்றுக் காலத்தில் வீட்டோடு முடங்கினால், "இப்போதாவது திருவாசகத்தை முழுக்க ஓதிவிடலாம்", "கம்பனை எடுத்துவிடலாம்" என்று பல வீடுகளில் ஆசை எழும். 2020 மார்ச் 25-இல் ஊரடங்கு தொடங்கியது. மூன்றே நாளில், 28-ஆம் தேதி, தூர்தர்ஷன் பழைய ராமாயணத் தொடரை மறுபடி ஒளிபரப்பியது. அப்போதும் அப்படித்தான் அலமாரிகள் திறந்தன. பெரும்பாலான வீடுகளில் நான்காம் நாளே புத்தகம் திரும்ப உள்ளே போய்விடும். தாங்காத அளவு, பிரிக்காத சொல், வீட்டு வேலைக்குக் குறுக்கே வைத்த நேரம் என்று பார்த்தால் பழுது இந்த மூன்றில் ஒன்றில்தான் இருக்கும். நோயாளி ஒருவர் உள்ளறையில் இருந்தால் நான்காவதாக ஒன்றும் சேரும்.

எதை எடுப்பது, எவ்வளவு எடுப்பது

முதலில் நாட்களை எண்ணுங்கள். 7 நாள் தனிமையா, 14 நாளா, எப்போது முடியும் என்று தெரியாத ஊரடங்கா என்பதைப் பொறுத்து நூலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பாதியில் நின்றுபோன பெரிய நூலைவிட முழுதாக முடித்த சிறு நூல்தான் அடுத்ததற்கு இழுத்துப் போகும்.

ஒரு வாரம்தான் என்றால் திருக்குறளில் ஏழு அதிகாரங்கள் போதும். நாளுக்கு ஒரு அதிகாரம், பத்துக் குறள். முதல் அதிகாரத்தில் தொடங்கி வரிசையாகப் போக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. 133 அதிகாரத்தையும் அப்படி முடிக்க நாலரை மாதம் ஆகும். வீட்டுக்குள் எல்லோரும் ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டிருக்கும் நாட்களில் இல்வாழ்க்கை (5), இனியவை கூறல் (10), பொறையுடைமை (16), வெகுளாமை (31), இடுக்கணழியாமை (63), மருந்து (95) ஆறும் நேரடியாகப் பேசும். ஏழாவதைப் பிள்ளைகள் தேர்ந்தெடுக்கட்டும். விருந்தோம்பலை (9) மட்டும் தள்ளிப்போடலாம். யாரும் படியேறி வர முடியாத நாளில் அதைப் படித்தால் ஏக்கம்தான் மிஞ்சும்.

ஒரு மாதம் கிடைக்கும் என்றால் திருப்பாவை. 30 பாசுரம், 30 நாள், பாசுரத்துக்கு எட்டு அடி. மார்கழியாக இருக்க வேண்டும் என்பதில்லை. அல்லது அபிராமி அந்தாதி: காப்பும் நூற்பயனும் நீங்கலாக 100 பாட்டு, நாளுக்கு நான்கு வீதம் 25 நாள். மனப்பாடம் செய்ய நினைப்பவர்களுக்கு அந்தாதியே எளிது. முதல் பாட்டு "விழுத்துணையே" என்று முடியும், இரண்டாவது "துணையும் தொழும் தெய்வமும்" என்று தொடங்கும். ஒரு பாட்டின் வால் அடுத்ததன் தலையைப் பிடித்துக்கொண்டு வருவதால் நடுவே மறந்தாலும் கை நழுவாது. பின்னலில் ஒரு பாட்டு விட்டுப்போனால் அந்த இடத்திலேயே தட்டும், உடனே தெரிந்துவிடும்.

வடமொழி நூல் வேண்டும் என்பவர்கள் பகவத்கீதையின் 18 அத்தியாயங்களையும் கையில் எடுக்காமல் 12, 15 ஆகிய இரண்டில் தொடங்கலாம். இரண்டிலும் இருபது இருபது சுலோகங்களே. தமிழ் எழுத்தில் அச்சிட்ட சுலோகப் புத்தகத்தில் க, ச, ட, த, ப எழுத்துகளின் தலையில் 2, 3, 4 என்று எண் இருக்கும். எண் இல்லாவிட்டால் வல்லொலி. 2 என்றால் அதே ஒலி மூச்சுடன். 3 என்றால் மெல்லிய அதிர்வொலி. 4 என்றால் அதுவும் மூச்சுடன். கீதையின் முதல் சொல்லான தர்மக்ஷேத்ரே என்பதில் முதல் எழுத்துக்கு 4 போட்டிருப்பார்கள். தானம் என்றால் 3. எண் போடாத மலிவுப் பதிப்பில் கற்றுக்கொண்ட உச்சரிப்பைப் பிறகு திருத்துவது பெரும்பாடு. வாங்கும்போதே ஒரு பக்கம் புரட்டிப் பாருங்கள்.

திருவாசகத்துக்கு ஓர் எச்சரிக்கை. 51 பகுதி என்பதால் "நாளுக்கு ஒன்று, 51 நாள்" என்று கணக்குப் போடத் தோன்றும். அது உடையும். போற்றித் திருவகவல் மட்டும் 225 அடி, திருவண்டப்பகுதி 182 அடி, திருச்சதகம் நூறு பாட்டு. கடைசியில் வரும் அச்சோப்பதிகமோ ஒன்பதே பாட்டு. நூலின் தொடக்கத்திலேயே பெரிய பகுதிகள் நிற்கின்றன. சிவபுராணம் முடித்த கையோடு 146 அடிக் கீர்த்தித் திருவகவலில் முட்டிக்கொண்டுதான் பலர் நிறுத்துகிறார்கள். பகுதியை எண்ணாமல் நிமிடத்தை எண்ணுங்கள்: நாளுக்கு இருபது நிமிடம், நின்ற அடியில் பென்சில் கோடு. திருச்சதகம் பத்துப் பத்தாகவே பிரிந்திருப்பதால் அதை ஐந்து நாளுக்குப் பகிரலாம்.

சிறு பிள்ளைகளுக்கு ஆத்திசூடி, கொன்றை வேந்தன். முன்னது 109 வரி, பின்னது 91. இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை, தாங்களே ஓடிவிடுவார்கள்.

புத்தகமும் திரையும்

கடை அடைத்திருந்தால் மதுரைத் திட்டம், தமிழ் இணையக் கல்விக்கழகம் இரண்டின் தளங்களிலும் மூலங்கள் இலவசமாகக் கிடைக்கும். பின்னதில் பல நூல்களுக்கு உரையும் உண்டு. எடுக்கும் முன் பதிப்பு எந்த வகை என்று பாருங்கள். சீர் பிரித்த பதிப்பில் யாப்பு (செய்யுளின் ஓசைக் கட்டு) பார்த்து இடைவெளி விட்டிருப்பார்கள், சொல் நடுவில் உடையும். சொல் பிரித்த பதிப்பில் பொருள் பார்த்து இடைவெளி விட்டிருப்பார்கள், ஓசை கொஞ்சம் தளரும். பொருள் புரிய இரண்டாவது, பாட முதலாவது. கையில் ஒன்றுதான் இருக்கிறது என்றால் சொல் பிரித்ததை எடுத்துக்கொள்ளுங்கள்.

குறளுக்கு உரை வாங்கும்போது நேரே பழைய உரையாசிரியரான பரிமேலழகரில் இறங்க வேண்டாம். உரைக்கே உரை தேவைப்படும். தெளிவான இக்கால உரை ஒன்றை வைத்துக்கொண்டு, தட்டும் குறளுக்கு மட்டும் பரிமேலழகரைப் புரட்டுங்கள்.

ஒரு பாட்டைப் பிரிக்கும் முறை

எந்தப் பாட்டுக்கும் வேலை ஒன்றுதான்: ஓசையோடு ஒருமுறை வாசி, சொல்லாகப் பிரி, முடிக்கும் சொல்லைத் தேடு, பேச்சு வரிசைக்கு மாற்று, பிறகு மீண்டும் ஓசையோடு வாசி. ஒரு குறளுக்கு ஐந்து நிமிடம் போதும். மருந்து அதிகாரத்தின் இரண்டாம் குறளை எடுத்துக்கொள்வோம்:

மருந்தென வேண்டாவாம் யாக்கைக்கு அருந்தியது
அற்றது போற்றி உணின்.

பிரித்தால்: மருந்து என வேண்டா ஆம் யாக்கைக்கு, அருந்தியது அற்றது போற்றி உணின். இடறும் சொல் "அற்றது". இன்றைய காதுக்கு அது "இல்லாதது", இங்கே "செரித்துப்போனது". "உணின்" என்பது "உண்டால்". நிபந்தனை கடைசியில் நிற்பதால் அதை முன்னே கொண்டுவாருங்கள்: முன் உண்டது செரித்துவிட்டதா என்று கவனித்துப் பிறகு உண்டால், உடம்புக்கு மருந்து என்று தனியாக ஒன்று வேண்டியதில்லை. வேலையும் இல்லாமல் வீட்டில் அடைந்து கிடந்து, நான்கு வேளையும் நொறுக்குத் தீனி தின்னும் குடும்பத்துக்கு இதைவிடப் பொருத்தமான குறள் கிடைக்காது.

இடுக்கணழியாமை அதிகாரத்தில் வேறு இரண்டு இடர்ப்பாடுகளைப் பார்க்கலாம். முதல் குறள் "அஃதொப்ப தில்" என்று முடியும். "தில்" என்று ஒரு சொல் இல்லை. அஃது ஒப்பது இல் என்பதைச் சீருக்காக உடைத்ததால் வந்தது. மூன்றாம் குறளில் "படாஅ தவர்" என்று இருக்கும். அந்த "அ" அச்சுப்பிழை அல்ல, அளபெடை. "டா"வை ஒரு மாத்திரை கூட்டி நீட்டி "படாஅதவர்" என்று ஒரே சொல்லாகச் சொல்ல வேண்டும். நான்கு முறை "இடும்பை" வரும் அந்தக் குறளைப் பிள்ளைகள் விளையாட்டாகவே மனப்பாடம் செய்துவிடுவார்கள்.

அந்த முதல் குறள் "இடுக்கண் வருங்கால் நகுக" என்று தொடங்குகிறது. உறவினரைப் பறிகொடுத்த வீட்டுக்கு அதை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். தனக்கு வந்த துன்பத்துக்கு ஒருவர் தானே சொல்லிக்கொள்ள வேண்டியது அது. அடுத்தவர் சொன்னால் சுடும்.

நோய் தீர்க்கும் பதிகங்கள்

தொற்றுக் காலத்தில் அதிகம் தேடப்படுவது இவைதான். திருஞானசம்பந்தர் கொடிமாடச் செங்குன்றூரில், அதாவது இன்றைய திருச்செங்கோட்டில், அடியார்களைப் பிடித்த குளிர்சுரம் நீங்கப் பாடியதாகச் சொல்லப்படும் திருநீலகண்டப் பதிகம். பாண்டியனின் வெப்பு நோய்க்குப் பாடிய "மந்திரமாவது நீறு". சூலை என்னும் வயிற்று நோயோடு திருவதிகைக்கு வந்த அப்பர் பாடிய "கூற்றாயினவாறு". மூன்றில் முதலாவதை மட்டும் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம்:

அவ்வினைக்கு இவ்வினை ஆமென்று சொல்லும் அஃதறிவீர்
உய்வினை நாடாது இருப்பதும் உந்தமக்கு ஊனமன்றே
கைவினை செய்து எம்பிரான் கழல் போற்றுதும் நாம் அடியோம்
செய்வினை வந்து எமைத் தீண்டப்பெறா திருநீலகண்டம்.

கடைசி அடியில்தான் புதியவர்கள் தவறுகிறார்கள். வேகமாக ஓதும்போது "தீண்டப்பெறாது இருநீலகண்டம்" என்று காதில் விழும். "தீண்டப்பெறா" என்று நிறுத்தி, ஒரு மூச்சு விட்டு, "திருநீலகண்டம்" என்று தனியாக எடுக்க வேண்டும். அது ஆணைச்சொல்: திருநீலகண்டத்தின்மேல் ஆணை, முன்செய்த வினை எம்மைத் தொடாது. ஒவ்வொரு பாட்டின் முடிவிலும் இந்த ஆணை திரும்ப வரும்.

இரண்டாம் அடியையும் விட்டுவிடாதீர்கள். பிழைக்கும் வழியைத் தேடாமல் சும்மா இருப்பது உங்களுக்குக் குறை அல்லவா என்று சம்பந்தர் கேட்கிறார். பதிகம் ஓதுகிறோம் என்று பரிசோதனையைத் தள்ளிப்போடுபவர்களுக்குப் பதிகத்துக்குள்ளேயே பதில் இருக்கிறது. வள்ளுவர் மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறளில் இதைக் கணக்காகவே சொல்கிறார்: உற்றவன், தீர்ப்பான், மருந்து, உழைச்செல்வான் என்று நான்கு. "உழை" என்பதை உழைப்போடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். பக்கம் என்று பொருள். பக்கத்தில் நின்று பணிவிடை செய்பவரே உழைச்செல்வான். நோயாளியையும் மருத்துவரையும் மருந்தையும் போல அவரும் சிகிச்சையில் ஒரு கூறு.

உள்ளறையில் நோயாளி இருக்கும்போது

அந்த உழைச்செல்வான் யார் என்பதைத்தான் முதலில் முடிவுசெய்ய வேண்டும். வீட்டில் ஒருவர் மட்டும் முகக்கவசத்தோடு நோயாளியின் கதவுவரை போய்வரட்டும். வாசிப்பில் அவருக்கு முறை வைக்காதீர்கள். உட்கார்ந்து கேட்டால் போதும், தூங்கிவிட்டாலும் எழுப்ப வேண்டாம்.

நோயாளியைச் சேர்த்துக்கொள்ள எளிய வழி, கூடத்தில் ஒரு கைபேசியை ஒலிபெருக்கியில் போட்டு, உள்ளே இருப்பவரின் கைபேசிக்கு அழைப்பது. அவர் கேட்கட்டும், சேர்ந்து ஓத வற்புறுத்தாதீர்கள். உரக்க ஓதுவது மூச்சை வாங்கும், இருமலைக் கிளப்பும். மூச்சுத் திணறினாலோ, விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரில் அளவு 94-க்குக் கீழே இறங்கினாலோ பாட்டு எந்த அடியில் இருந்தாலும் நிறுத்திவிட்டு மருத்துவரை அழையுங்கள்.

இன்னும் சில. எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டும் பழக்கம் பெரியவர்களுக்கு உண்டு. ஒரே புத்தகம் நாலு கை மாறினால் அது வம்பு. ஆளுக்கொரு பிரதி வையுங்கள், இல்லையேல் ஒருவரே வாசிக்கட்டும். திருநீற்றுத் தட்டையும் குங்குமச் சிமிழையும் சுற்றிவிட வேண்டாம், சிறு தாளில் மடித்துத் தனித்தனியே கொடுங்கள். சாம்பிராணி, கற்பூரம், ஊதுபத்திப் புகை இருமும் நுரையீரலுக்கு ஆகாது; அந்த நாட்களில் விளக்கு மட்டும் போதும். விளக்கேற்றும் முன் கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சானிடைசர் தேய்த்த ஈரக் கையோடு தீக்குச்சி உரசாதீர்கள். அதில் பெரும்பகுதி ஆல்கஹால், சட்டென்று பற்றிக்கொள்ளும்.

நேரமும் இடமும்

விளக்கு வைக்கும் நேரம், சுமார் ஆறரை மணி, பெரும்பாலான வீடுகளுக்கு ஒத்துவரும். இணைய வகுப்பும் அலுவலக அழைப்பும் ஓரளவு ஓய்ந்திருக்கும், இரவுச் சமையல் தொடங்கியிருக்காது. விடியற்காலை நான்கு மணி என்று திட்டம் போட்டால் இரண்டு நாள் நிற்கும். மொத்தம் 25 நிமிடம்: ஐந்து நிமிடம் நேற்றைய பாட்டு, பத்து நிமிடம் புதியதைப் பிரித்தல், மீதி ஓதுதல். பேச்சு நீண்டால் நீளட்டும். புதுப் பாட்டை நாளைக்குத் தள்ளுங்கள்.

ஒரு கண்டிப்பு. வாசிப்பு வந்ததால் அடுப்படியில் இருப்பவருக்கு வேலை கூடக் கூடாது. எல்லோரும் வீட்டில் இருப்பதாலேயே சமையலும் பாத்திரமும் இரட்டித்திருக்கும். அதன்மேல் தினமும் சுண்டல், பொங்கல் என்று நிவேதனம் வைத்தால் பாட்டு நடக்கும் நேரத்தில் ஒருவர் அடுப்படியிலேயே நிற்பார். கற்கண்டு போதும். சமைப்பவர் வந்து உட்கார்ந்த பிறகுதான் முதல் அடியைத் தொடங்க வேண்டும்.

தீட்டு நாட்களில் ஓதலாமா என்று கேள்வி வரும். அது வீட்டு வழக்கத்தைப் பொறுத்தது, பெரியவர்களோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். பூசையறையை விட்டுக் கூடத்தில் வாசிப்பது பல வீடுகளில் இணக்கமான வழி. குறளுக்கும் சிலம்புக்கும் எந்த நாளும் தடை கிடையாது.

வெளியூர் உறவோடு சேர்ந்து

காணொளி அழைப்பில் எல்லோரும் ஒன்றாகப் பாட முடியாது. ஒலி ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு அளவு பிந்தி வரும். பத்துப் பேர் ஒரே அடியைப் பாடினால் பத்து எதிரொலி. ஒருவர் மட்டும் ஒலியைத் திறந்து ஓத வேண்டும். மற்றவர்கள் ஒலியை அடைத்துவிட்டு அவரவர் வீட்டில் சேர்ந்து ஓதலாம். பாட்டுக்குப் பாட்டு ஆள் மாறினால் அடுத்தவர் பெயரை முன்பே வரிசையாக எழுதி அனுப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் "நீங்க சொல்லுங்க", "இல்ல மாமா, நீங்க சொல்லுங்க" என்பதிலேயே கால்மணி போகும்.

சுருதிப்பெட்டியோ தாளமோ வைத்தால் செயலி அதை இரைச்சல் என்று நினைத்து வெட்டிவிடும், குரலும் விட்டு விட்டு வரும். ஜூமில் அசல் ஒலிக்கான அமைப்பு ஒன்று இருக்கிறது. ஓதுபவர் மட்டும் அதைப் போட்டுக்கொண்டால் போதும். இலவசக் கணக்கில் 40 நிமிடத்தில் கூட்டம் அறுந்துவிடும். குசலம் விசாரிக்கும் பேச்சை முதலில் வைக்காமல் கடைசியில் வைத்தால் பாட்டு தப்பிக்கும்.

தொடரோடு ஒத்துப் பார்ப்பது

பிள்ளைகள் தொலைக்காட்சியில் ராமாயணம் பார்க்கிறார்கள் என்றால் அதையே தூண்டிலாக்கலாம். ஆரணிய காண்டத்தை முன்னே வைத்து, "இலட்சுமணன் கோடு கிழித்த பாட்டைக் கண்டுபிடி" என்று சொல்லுங்கள். கம்பனில் தேடினாலும் கிடைக்காது, வால்மீகியில் தேடினாலும் கிடைக்காது. அந்தக் கோடு வேறு வழியாகக் கதைக்குள் வந்தது. அடுத்து, இராவணன் சீதையை எப்படித் தூக்கிப்போனான் என்று இரண்டையும் ஒப்பிடச் சொல்லுங்கள். வால்மீகியில் கையால் பற்றித் தூக்குகிறான். கம்பனில் அவளைத் தொடாமல் பர்ணசாலையோடு நிலத்தையே பெயர்த்து எடுக்கிறான். கம்பன் ஏன் இப்படி மாற்றினான் என்று பதினைந்து வயதுப் பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள். அன்று 25 நிமிடக் கணக்கு செல்லாது.

சுந்தர காண்டப் பாராயணம் செய்ய விரும்புபவர்களுக்கு ஒரு கணக்கு: வால்மீகியில் அது 68 சர்க்கம் (உட்பிரிவு), நாளுக்கு இரண்டு என்றால் 34 நாள். சர்க்கங்கள் ஒரே அளவில் இல்லை, முதல் சர்க்கமே மிக நீளம். அதற்கு மட்டும் இரண்டு நாள் ஒதுக்கிவிட்டுத் தொடங்குங்கள்.

வீட்டில் துக்கம் நேர்ந்தால்

எடுத்துவந்த நூலை அங்கேயே நிறுத்திவிடலாம், குற்றம் ஒன்றும் இல்லை. சைவ வீடுகளில் சிவபுராணம் ஓதுவார்கள். 95 அடி, நிதானமாக ஓதினாலும் பத்து நிமிடத்துக்குள் முடியும். வைணவ வீடுகளில் நம்மாழ்வாரின் "சூழ்விசும்பு அணிமுகில்" சேவிப்பது வழக்கம். உறவினர் வர முடியாத நிலையில் கைபேசியில் ஒருவர் ஓத மற்றவர்கள் கேட்டால் போதும். யாரையும் கேமராவுக்கு முன்னால் உட்காரச் சொல்லாதீர்கள். அழுபவர் திரையை அணைத்துவிட்டுக் கேட்கட்டும்.

திரும்பத் தொடங்கும்போது விட்ட நாட்களின் பாட்டையெல்லாம் ஒரே மூச்சில் ஈடுகட்டப் பார்க்க வேண்டாம். பென்சில் கோட்டுக்கு முந்தைய பாட்டுக்குத் திரும்பிப் போய், அங்கிருந்து அன்றைய அளவை மட்டும் வாசியுங்கள்.